லேப்டாப்பில் இடம் இல்லையா? ‘கிளவுட்’டில் ஏற்றிவிட்டு அழிக்கும் முன் இதைப் படியுங்கள்

நெல்லையில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். பாபநாசத்துக்கு முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்பது பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். அணை நிரம்பினால் ஊருக்கே சந்தோஷம். லேப்டாப் நிரம்பினால் மட்டும் யாருக்கும் சந்தோஷம் இல்லை. சி டிரைவ் பட்டை சிவப்பாகிவிட்டால் வீடியோ மீட்டிங் திக்கும், விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்கும், ஒரு எக்செல் ஃபைலைச் சேமிக்கக்கூட இடம் இருக்காது.

“அண்ணாச்சி, டிரைவ் ஃபுல்லுன்னு வருது. என்ன பண்ணட்டும்?” என்று தெரிந்தவர்களிடம் கேட்டால், “எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திட்டு இங்க அழிச்சிருங்க” என்பதுதான் வழக்கமான பதில். இதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். கல்யாண ஆல்பமும், பத்து வருடப் படங்களும், ப்ராஜெக்ட் ஃபைல்களும் ஒரே நிமிடத்தில் காணாமல் போகக்கூடிய இடம் அந்த ‘அழிச்சிருங்க’தான்.

இடத்தைக் காலி செய்வது ஒரு வேலை. ஃபைலைக் காப்பாற்றுவது வேறொரு வேலை. கிளவுட் முதல் வேலையை நன்றாகவே செய்யும். இரண்டாவது வேலையும் நடக்க வேண்டுமென்றால், நாம் கொஞ்சம் விவரமாக இருக்க வேண்டும்.

இடத்தைப் பிடித்திருப்பது எது?

256 ஜிபி எஸ்எஸ்டி என்று பெட்டியில் போட்டிருக்கும். விண்டோஸில் திறந்து பார்த்தால் 238 ஜிபிதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. அந்த 238-லும் விண்டோஸுக்கும் சாஃப்ட்வேர்களுக்கும் போக மீதிதான் நமக்கு.

அந்த மீதியை யார் தின்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி என்று பிரித்துக் காட்டும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஸ்டோரேஜ். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பிடிஎஃப் நான்கு முறை இறங்கிக் கிடக்கும். எப்போதோ போட்ட சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலர், பார்த்து முடித்த படம், ரீசைக்கிள் பின்னில் கிடப்பவை, பழைய விண்டோஸ் பதிப்பின் மிச்சம் எல்லாம் வெறும் குப்பை. இவற்றைக் கிளவுட்டில் ஏற்றத் தேவையில்லை, அழித்துவிடலாம். குப்பையைக் காசு கொடுத்து வேறு இடத்தில் அடுக்கி வைப்பதில் அர்த்தம் இல்லை.

இதைச் செய்த பிறகு மிச்சம் இருப்பவைதான் கவனிக்க வேண்டியவை: படங்கள், வீடியோக்கள், முடிந்துபோன ப்ராஜெக்ட்டுகள், சான்றிதழ் ஸ்கேன்கள்.

கிளவுட் எங்கே இருக்கிறது?

பெயர்தான் மேகம். உண்மையில் அது தரையில், குளிரூட்டப்பட்ட பெரிய கட்டடங்களில், வரிசையாக அடுக்கிய கணினிகளில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் இந்திய டேட்டா சென்டர்களை 2015-இல் சென்னை, புனே, மும்பையில் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவும் அலுவலகக் குழுக்களுக்காக ‘வொர்க்டிரைவ்’ என்ற சேமிப்புச் சேவையை நடத்துகிறது.

இந்த ஏற்பாட்டைத் தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். வீட்டுத் தொட்டியில் இருக்கும் தண்ணீரை அணைக்கு மாற்றிவிட்டு, வேண்டும்போது வாய்க்கால் வழியாக எடுத்துக்கொள்வது மாதிரி. அணை பெரிது, பாதுகாப்பானது. ஆனால் பாளையங்கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்றால், பாபநாசத்தில் 143 அடி இருந்தும் வயலுக்குப் பயனில்லை. இங்கே வாய்க்கால் என்பது இன்டர்நெட்.

‘சிங்க்’ என்றால் என்ன?

குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், ஐகிளவுட், டிராப்பாக்ஸ் ஆகியவை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை வைத்துக்கொண்டு, அதில் நடப்பதை எல்லாம் கிளவுட்டிலும் அப்படியே நடத்துகின்றன. இதற்குப் பெயர் சிங்க். ஒரு ஃபைலைச் சேர்த்தால் அங்கேயும் சேரும். திருத்தினால் அங்கேயும் திருந்தும். அழித்தால் அங்கேயும் அழியும். அதே கணக்கு போனிலும் வேறு லேப்டாப்பிலும் இருந்தால் அங்கிருந்தும் போய்விடும்.

கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரிதான் இது. கண்ணாடி முன்னால் நிற்பவர் நகர்ந்துவிட்டால் உருவமும் நகர்ந்துவிடும். “கிளவுட்ல இருக்குல்ல, இங்க அழிச்சா என்ன?” என்று சிங்க் ஃபோல்டருக்குள் போய் டெலீட் பட்டனை அழுத்துபவர், தெரியாமலேயே இரண்டையும் அழித்துவிடுகிறார்.

விண்டோஸில் இன்னொரு பொறி உண்டு. புது லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய ஃபோல்டர்களையும் ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது உண்டு. இலவச 5 ஜிபி சீக்கிரமே நிரம்பும். ‘ஒன்டிரைவ் ஃபுல்’ என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பதறி, ஆன்லைனில் போய் எல்லாவற்றையும் அழித்தால், டெஸ்க்டாப்பில் இருந்தவையும் மறைந்துவிடும். அழிக்கும் முன் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் ‘பேக்கப்’ பகுதியைத் திறந்து, எந்தெந்த ஃபோல்டர் அதன் வசம் இருக்கிறது என்று பாருங்கள்.

தவறு நடந்துவிட்டாலும் கொஞ்சம் அவகாசம் உண்டு. தனிநபர் ஒன்டிரைவ் கணக்கின் ரீசைக்கிள் பின்னிலும், கூகுள் டிரைவின் டிராஷிலும் 30 நாள் வரை ஃபைல் காத்திருக்கும். அதற்குள் மீட்டுவிடலாம். 31-ஆம் நாள் போய்க் கேட்டால் கிடைக்காது.

அழிக்காமல் இடத்தைக் காலி செய்வது எப்படி?

இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஃபைலின் பெயரும் ஐகானும் லேப்டாப்பில் இருக்கும். உள்ளடக்கம் மட்டும் கிளவுட்டில் இருக்கும். கிளிக் செய்தால் அந்த நேரத்தில் இறங்கும்.

ஒன்டிரைவில் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுக்க வேண்டும். ‘டெலீட்’ அல்ல. பிறகு ஐகான்களைக் கவனியுங்கள். நீல மேகம் தெரிந்தால் ஃபைல் கிளவுட்டில் மட்டும் இருக்கிறது. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் லேப்டாப்பிலும் ஒரு பிரதி இருக்கிறது. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால் ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்து, எப்போதும் லேப்டாப்பில் இருக்கும்படி நீங்களே சொல்லியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கூகுளில் ‘டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்’ என்ற செயலியை நிறுவ வேண்டும். அதில் இரண்டு வழிகள். ‘மிரர்’ கொடுத்தால் எல்லா ஃபைலும் லேப்டாப்பிலும் இருக்கும், இடம் மிச்சமாகாது. ‘ஸ்ட்ரீம்’ கொடுத்தால் கிளவுட்டில் இருப்பது ஒரு தனி டிரைவ் போலத் தெரியும், இடம் மிச்சமாகும். “கூகுள் டிரைவ் போட்டும் இடம் குறையலையே” என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மிரரைத்தான்.

மேக்கில் ஐகிளவுட் செட்டிங்ஸுக்குள் ‘ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்’ என்பதை இயக்கினால், இடம் குறையும்போது நெடுநாளாகத் தொடாத ஃபைல்களை அதுவே கிளவுட்டுக்கு நகர்த்திவிடும்.

ஒரு நடைமுறை விஷயம். டிரைவ் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்றால், 50 ஜிபியை ஒரே மூச்சில் சிங்க் ஃபோல்டருக்குள் இழுத்துப் போடாதீர்கள். ஏற்றி முடியும் வரை அதற்கும் லேப்டாப்பில் தற்காலிக இடம் தேவைப்படலாம். ஐந்து ஐந்து ஜிபியாகப் பிரித்து ஏற்றுங்கள். அல்லது பிரவுசர் வழியாக நேரடியாக ஏற்றுங்கள். ஏற்றியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை போனிலோ வேறு கணினியிலோ திறந்து பார்த்த பிறகே, பழைய இடத்தில் இருப்பதை அழியுங்கள்.

இலவசமாக எவ்வளவு?

கூகுள் 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி, ஐகிளவுட் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி. கேட்க நிறைய மாதிரி இருக்கும். கல்யாண போட்டோகிராஃபர் தரும் ரா ஃபைல் ஒன்று 30 எம்பி என்று வைத்துக்கொண்டால், 500 படத்திலேயே கூகுளின் 15 ஜிபி முடிந்துவிடும்.

அதோடு, அந்த 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் உரியது அல்ல. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். போட்டோஸில் வரம்பில்லாமல் படம் ஏற்றும் சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மொத்த இடமும் நிரம்பினால் ஜிமெயிலுக்குப் புது மெயில் வராது. வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒருவர், லேப்டாப்பைக் காலி செய்கிறேன் என்று 15 ஜிபி வீடியோவை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், இன்டர்வியூ அழைப்பு வந்த வழியே திரும்பிப் போகும். மெயிலுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு இன்னொரு கணக்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

காசு கொடுத்தால் இடம் கூடும். கூகுளின் 100 ஜிபி திட்டம் இந்தியாவில் மாதம் 130 ரூபாய் என்ற அளவில் இருந்துவருகிறது. சில மொபைல் நிறுவனங்கள் ரீசார்ஜோடு கிளவுட் இடத்தைச் சில மாதங்களுக்கு இலவசமாகத் தருகின்றன. அந்தச் சலுகை முடிந்த பிறகு என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். 80 ஜிபியை ஏற்றிய பிறகு வாடகை கட்டாமல் விட்டால், ஃபைல்கள் உடனே போகாது. ஆனால் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. கூகுளில் வரம்பை மீறியபடியே இரண்டு ஆண்டுகள் இருந்தால், ஃபைல்களை நீக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. இரண்டு ஆண்டுகள் எட்டிக்கூடப் பார்க்காத தனிநபர் கணக்குகளுக்கும் அதே கதிதான். 2023 டிசம்பரில் இருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது.

ஏற்ற எத்தனை நேரம் ஆகும்?

பிராட்பேண்ட் விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் இறக்கும் வேகம். நமக்கு வேண்டியது ஏற்றும் வேகம், அதாவது அப்லோட் ஸ்பீடு. அது 20 எம்பிபிஎஸ் சீராகக் கிடைத்தால் 100 ஜிபி ஏற சுமார் 11 மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். லேப்டாப் ‘ஸ்லீப்’ போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் இணைப்பு இல்லாமல், தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பினால், அதை முழுக்க இதற்கே செலவழித்தாலும் 67 நாள் ஆகும். அப்படிப்பட்டவர்கள் முக்கியமான பத்து ஜிபியை மட்டும் கிளவுட்டில் ஏற்றிவிட்டு, மீதியை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போடுவதே நடக்கிற காரியம்.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. திருநெல்வேலியில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை போன்ற ஆற்றோரப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பயணிகள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே சிக்கிக்கொண்டார்கள். பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை.

ஃபைல் சேமிப்பு பற்றி அந்த இரண்டு நாள் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, இடுப்பளவு தண்ணீர் வந்த வீட்டில் மேசை மேல் இருந்த லேப்டாப்பும், அதன் பக்கத்திலேயே இருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும். ஒரே அலமாரியில் இரண்டு பிரதி வைத்தாலும் ஆபத்து வரும்போது அது ஒரு பிரதிதான். கிளவுட்டில் ஒன்று இருந்தால் அது தப்பித்திருக்கும். இரண்டு, டவர் போன பிறகு கிளவுட்டில் இருப்பதை எட்டிப் பிடிக்க முடியாது. ஆதார், ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ் பாலிசி, மருத்துவச் சீட்டு எல்லாமே நீல மேக ஐகானோடு தூங்கிக்கொண்டிருந்தால், தேவைப்படும் அன்று அவை திறக்காது.

அதனால் அவசரத்துக்கு வேண்டிய நாலைந்து ஆவணங்களுக்கு மட்டும் ‘ஆல்வேஸ் கீப்’ கொடுத்து வையுங்கள். கூகுள் டிரைவில் இதற்குப் பெயர் ‘அவைலபிள் ஆஃப்லைன்’. போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். எல்லாம் சேர்ந்தாலும் 50 எம்பி தாண்டாது. மத்திய அரசு 2015 ஜூலை 1-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே நேரடியாகப் பெறலாம். அவை அசலுக்குச் சமமாகச் சட்டப்படி செல்லும். ஸ்கேன் செய்து நாமே ஏற்றும் படத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

3-2-1 கணக்கு

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய ஒரு எளிய கணக்கு இருக்கிறது. முக்கியமான ஃபைலுக்கு 3 பிரதிகள். அவை 2 வகைச் சாதனங்களில். அவற்றில் 1 வேறு இடத்தில்.

இந்தக் கணக்கோடு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பட்டனைப் பாருங்கள். அதை அழுத்தும் வரை லேப்டாப்பில் ஒன்று, கிளவுட்டில் ஒன்று என இரண்டு பிரதிகள். அழுத்திய பிறகு கிளவுட்டில் இருப்பது மட்டுமே. பாஸ்வேர்டு மறந்தாலோ, கணக்கு முடங்கினாலோ, வேறு யாராவது நுழைந்து அழித்தாலோ, மறு பிரதி கிடையாது. ஆகவே அதை அழுத்தும் முன், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தனியாக ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். காப்பி எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு, அதை வேறு வீட்டில் வையுங்கள். ஆற்றோரத்தில் குடியிருப்பவர், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் மாமா வீட்டில் கொடுத்து வைக்கலாம். பெயரிலேயே மேடு இருக்கிறது.

நெல்லைக்கு இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை. தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில், வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரையும் பூஜைப் பொருள்களையும் கரை மேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வந்த பிறகு யோசிப்பதில்லை. வரும் முன்பே இடம் முடிவாகியிருக்கிறது.

காலேஜ் கணக்கும் ஆபீஸ் கணக்கும்

இளைஞர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று இது. காலேஜோ அலுவலகமோ தரும் மெயிலோடு நிறைய கிளவுட் இடம் வரும். “ஃப்ரீயா ஒரு டிபி இருக்கே” என்று குடும்பப் படம் முதல் தீசிஸ் வரை எல்லாம் அதில் போய்ச் சேரும். ஆனால் அந்தக் கணக்கு உங்களுடையது அல்ல, நிறுவனத்துடையது. படிப்பு முடிந்ததும் காலேஜ் மூடலாம். வேலையை விட்ட அன்று மாலையே ஆபீஸ் மூடிவிடலாம். கூகுள் கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த வரம்பற்ற இடத்தை 2022-இல் நிறுத்திவிட்டதால், பல கல்லூரிகள் மாணவர் கணக்குகளுக்கு அளவு வைக்கத் தொடங்கின. சொந்தப் படங்களும் சான்றிதழ்களும் சொந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும். இப்போதே அங்கே மாட்டிக்கொண்டிருப்பவர்கள், கூகுள் கணக்கு என்றால் ‘டேக்அவுட்’ வசதி மூலம் மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

எதை ஏற்றக் கூடாது?

ஓடிக்கொண்டிருக்கும் டேலி கணக்கு ஃபோல்டரை அப்படியே சிங்க் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே சிங்க் நடந்தால் கணக்கு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்த ஃபைலை ஏற்றுங்கள். அவுட்லுக்கின் மெயில் கோப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டிடிபி வேலை செய்பவர்கள், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருக்கும் ஃபைலோடு அந்த எழுத்துருவையும் சேர்த்து ஏற்றுங்கள். பத்து வருடம் கழித்து ஃபைல் திறந்தும் எழுத்து வாசிக்க முடியாமல் போகக் கூடாது.

ஆதாரையும் பான் கார்டையும் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற பகிர்வில் விட்டுவைக்காதீர்கள். கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். மீட்பு எண்ணாகக் கொடுத்திருப்பது இப்போது கையில் இருக்கும் சிம்தானா என்று பாருங்கள். எப்போதோ தூக்கிப் போட்ட நம்பராக இருந்தால், அணையின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்

குப்பையை அழியுங்கள். மீதியை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுங்கள். பிறகு கிளவுட்டில் ஏற்றுங்கள். போனில் நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். அதன் பிறகு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். அவசர ஆவணங்களுக்கு மட்டும் பச்சை வட்டம் இருக்கட்டும். வரிசை மாறாமல் செய்தால் ஒரு மதியம் போதும். ஏறுவது இரவெல்லாம் ஏறிக்கொள்ளட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாமா வீட்டில் சேர்க்க அதற்கு முன்பே ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.